வலையை அறுத்திருப்பார் என்று நினைத்தேன்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை 7.50-க்கு நான் போனபோது இயற்பியல் ஆய்வகம் ஏற்கெனவே திறந்திருந்தது. ஆய்வக உதவியாளரான அம்மா உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எட்டரைக்கு முன்னால் அவர் வந்ததே இல்லை.

"சார், மீனுக்குப் போன எங்க வீட்டுக்காரவுக நேத்து மத்தியானமே கரைக்கு வந்திருக்கணும். இன்னும் வரல," என்றார். "தனியாப் போயிருக்காவ."

என் டைரியில் இது அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே நான் செய்தவை, நேரத்தோடு. பத்தொன்பது ஆண்டுகள் ராணுவ ஹெலிகாப்டர் ஓட்டினேன். அதில் பாதிக்கு மேல் கடலில் காணாமல் போனவர்களைத் தேடும் வேலை. ஓய்வுபெற்று, பி.எட். முடித்து, தூத்துக்குடிக்குத் தெற்கே இந்தக் கடற்கரைப் பள்ளிக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. பறந்த ஒவ்வொரு மணியையும் எழுதி வைத்தவன், இப்போது நடத்திய ஒவ்வொரு பாடத்தையும் எழுதி வைக்கிறேன். ஊரில் நான் 'பைலட் சார்'. மீன் வாங்கப் போனால், "மேலருந்து பாத்தா நாங்கள்லாம் எறும்பாத் தெரிவோமா சார்?" என்று கேலி செய்வார்கள். ஆனாலும் என் பேச்சுக்கு அங்கே ஒரு மதிப்பு இருந்தது. அதை நான் விரும்பவும் செய்தேன்.

8.05-க்கு, தேடுதலுக்குப் பொறுப்பான அலுவலகத்தில் இருந்த அதிகாரிக்குப் போன் செய்தேன். ஒரு காலத்தில் எனக்குத் துணை விமானியாக இருந்தவர். "எந்தப் பக்கம் பாக்கணும்னு மட்டும் சொல்லுங்க சார். பறக்க மெஷின் ஒண்ணுதான் இருக்கு," என்றார். ஒரு மணி நேரத்தில் சொல்வதாகச் சொன்னேன்.

கரைக்குப் போனேன். கச்சான், அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, மூன்று நாளாக விடாமல் வீசிக்கொண்டிருந்தது. நாற்பது பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் படகு இறக்கத் தயாராக இருந்தார்கள்; எந்தத் திசை என்பதில்தான் வாக்குவாதம். உதவியாளரின் தம்பி என்னிடம் வந்தான். மச்சானோடு கடலுக்குப் போயிருக்க வேண்டியவன் அவன்தான். காய்ச்சல் என்று படுத்துவிட்டான்.

"சார், இஞ்சின் நின்னிருக்கும். போன வாரமே மக்கர் பண்ணுச்சு. வடக்க தேடச் சொல்லுங்க."

"ஏன் வடக்க? காத்து கிழக்கல்லா தள்ளுது?"

"வலை கிடக்கும்லா சார். வலையைப் படகுல கெட்டித் தண்ணிக்குள்ள விட்டுட்டா காத்து ஒண்ணும் புடுங்க முடியாது. நீவாடு எங்கன இழுக்கோ அங்கனதான் போவும். நீவாடு இப்ப வடக்க ஓடுது."

நீரோட்டத்தைத்தான் அவர்கள் நீவாடு என்பார்கள். அவன் சொன்னதை எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டே, "உயிருக்கு ஆபத்துன்னா வலையை யார் பாப்பா? அறுத்து விட்டிருப்பார்," என்றேன்.

"எங்க மச்சானா? அறுக்க மாட்டாவ சார்."

புது வலை, அதனால் மனசு வராது என்கிறான் என்று நினைத்தேன். அங்கேதான் எல்லாம் போயிற்று. ஹெலிகாப்டரில் இஞ்சின் சக்தி குறைந்தால் நாங்கள் முதலில் செய்வது, தொங்கும் சுமையைக் கழற்றிவிடுவது. யோசிக்காமல் கை அங்கே போகும்படி பழக்கியிருந்தார்கள். ஆபத்தில் ஒரு மனிதன் பாரத்தை உதறுவான் என்பது என் அறிவில் இல்லை, உடம்பில் ஊறியிருந்தது. நடுக்கடலில் இஞ்சின் இல்லாத ஒருவனுக்குப் பிடிமானமே அந்த பாரம்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. அவன் சொல்லியும் தோன்றவில்லை.

கரையில் நின்ற ஒரு படகின் மூக்கில் காகிதத்தை விரித்துக் கணக்குப் போட்டேன். காற்றின் வேகம், படகின் கனம், கழிந்த மணி நேரம். தேட வேண்டிய இடமாகக் கிழக்கே ஒரு சதுரம் வந்தது; அதிகாரிக்கும் போனில் சொன்னேன். வடக்கே போகக் கயிற்றை அவிழ்த்திருந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

"ஏலே, சார் கணக்குப் போட்டுல்லா சொல்லுதாவ! நீ காய்ச்சக்காரன், சும்மா கிட," என்று ஒரு பெரியவர் தம்பியை அதட்டினார்.

படகுகள் கிழக்கே போயின. ஹெலிகாப்டரும் கிழக்கே போயிற்று. புதன்கிழமை சதுரத்தை இன்னும் கிழக்கே நகர்த்திக் கொடுத்தேன். தம்பி மட்டும் ஒரு படகில் வடக்கே போய், டீசல் தீரும் தறுவாயில் திரும்பி வந்தான். ஒரு படகு பார்க்கக்கூடிய கடல் எவ்வளவு? வியாழக்கிழமை ஹெலிகாப்டர் வரவில்லை. ஆய்வகத்தில் அந்த அம்மா என்னிடம், "இன்னும் எத்தனை நாள் சார் தாங்குவாவ?" என்று கேட்டார். தண்ணீர் இருந்தால் சனிக்கிழமை வரை என்றேன். அந்தக் கணக்கும் தப்பு.

சனிக்கிழமை காலை ஒரு விசைப்படகு அவர் கணவரின் உடலைக் கொண்டுவந்தது. நேர் வடக்கே கிடந்திருக்கிறார். வலை படகோடு கட்டியபடி தண்ணீரில் இருந்ததாம். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரிடம் நானே போய்க் கேட்டேன். உயிர் போனது வியாழக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு என்றார். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவர் உயிரோடு இருந்திருக்கிறார். வலையைக் கட்டிவிட்டு, ஊர்க்காரர்கள் எங்கே தேடுவார்களோ அங்கேயே இருந்திருக்கிறார். தேட வேண்டியவர்களை நான் வேறு பக்கம் அனுப்பியிருந்தேன்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்துத் தம்பியைப் பார்க்கப் போனேன். கரையில் வலையிலிருந்து சிப்பியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். சொல்ல வந்ததைச் சொன்னேன். அவன் நிமிரவில்லை.

"தெரியும் சார். நான் அன்னைக்கே சொன்னேன்லா."

"உங்க அக்காகிட்டச் சொல்லணும்."

இப்போது நிமிர்ந்தான். "சொல்லிராதிய. சார் இல்லைன்னா ஹெலிகாப்டரே வந்திருக்காது, எங்க வீட்டுக்காரவுகளுக்காக அத்தனை பேர் தேடுனாவன்னு வாரவ போறவகிட்டல்லாம் சொல்லிட்டுத் திரியுதா. அந்த ஒண்ணுலதான் நிக்கா. அதையும் பிடுங்கிராதிய."

"அப்ப நான் என்ன செய்ய?"

"எனக்கென்ன சார் தெரியும்? நானும் அன்னைக்குப் போர்த்திக்கிட்டுப் படுத்துக் கிடந்தவன்தான். வெறும் தலைவலி. காய்ச்சல்லாம் இல்ல." மறுபடி சிப்பியைப் பிய்க்க ஆரம்பித்தான்.

உதவியாளர் அம்மா இருபதாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார். லென்ஸ்களைத் துடைத்து அடுக்கி வைக்கிறார். யாராவது துக்கம் விசாரித்தால், ஆய்வகக் கதவைக் காட்டி, "பைலட் சார்தான் எல்லாம் பாத்தாவ," என்கிறார். அது எனக்குக் கேட்கும். பிளஸ் ஒன்னில் விசைகளின் தொகுபயன் நடத்த வேண்டிய வாரம் அது. ஒரு பொருள் மேல் இரண்டு விசை, இரண்டும் சேர்ந்து இழுக்கும் பக்கம் போகும். கரும்பலகையில் இரண்டு அம்புகள் போட்டேன். அதற்கு மேல் முடியவில்லை. புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இனிமேல் இதை என்னால் நடத்த முடியும் என்று தோன்றவில்லை.

நேற்று முப்பதாம் நாள் பூசை. மாதா கோவிலில் கடைசி பெஞ்சில், கதவுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்தேன். பூசை தொடங்கும் முன் அந்த அம்மா எழுந்து, நடுப்பாதையில் எல்லோரும் பார்க்க என்னிடம் வந்தார்.

"என்ன சார் இங்கன இருக்கிய? முன்னால வாங்க. வீட்டாளுக இருக்க எடத்துல இருங்க."

"பரவாயில்லம்மா, இங்கேயே..."

"நீங்க பின்னால இருந்தா அவிய ஆத்துமா சும்மா இருக்காது சார். வாங்க."

எழுந்து போனேன். முதல் பெஞ்சில் தம்பி என்னைப் பார்க்காமல் நகர்ந்து இடம் விட்டான். உட்கார்ந்தேன்.