தளவாய்க்குக் கட்டாத பரிவட்டம்

மாமா எழுந்து துண்டை உதறினார். அதில் ஒட்டியிருந்த மணலும் தேங்காய் நாரும் என் முகத்தில் விழுந்தன. "ஒனக்குப் பொண்ணு கெடையாது அப்பு" என்று சொல்லிவிட்டு, செருப்பை ஒழுங்காக மாட்டாமல் இழுத்துக்கொண்டே தெருவைக் கடந்து தன் வீட்டுக்குள் போனார். நான் கையில் சோழியோடு உட்கார்ந்திருந்தேன். அப்படி என்ன செய்துவிட்டேன்? இல்லாத ஒரு நாட்டில், இல்லாத ஓர் அம்மனுக்கு நடந்த திருவிழாவில், முதல் மரியாதைப் பரிவட்டத்தை வேறொருவர் தலையில் கட்டிவிட்டேன். அந்தத் தலையும் இல்லாத தலைதான். ஆனால் பெண் நிஜம். தை பிறந்ததும் பரிசம் போடுவதாகப் பேச்சு இருந்தது. அது ஐப்பசி மழையோடு போயிற்று என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும்தான் நினைத்தேன்.

போன மாதம் மதுரையில் பேரன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவனும் கூட்டாளிகளும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து என்னவோ உருட்டிக்கொண்டிருந்தார்கள். பகடைக்குப் பலாக்காய் மாதிரி எத்தனையோ முகம். பக்கத்தில் தலையணை மொத்தத்துக்கு விதிப்புத்தகம். ஒருவன் கதை சொல்கிறான். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ இருந்துகொண்டு இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்கிறார்கள். வெளிநாட்டு ஆட்டமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. இதை நான் சித்தையன்கோட்டையில் தேங்காய் குவித்துவைக்கும் கிட்டங்கியில் ஆறு சோழியை வைத்து நடத்தியபோது இவர்களுடைய அப்பன்மாரே பிறக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். கடப்பாரையில் காய் உரித்துப் பிழைப்பைத் தொடங்கினேன். இன்று என் பெயர் எழுதிய லாரிகள் பம்பாய் வரை போகின்றன. அதெல்லாம் பெரிதில்லை. என்னைப் போல அந்த ஆட்டத்தை நடத்தியவன் அன்றைய மதுரை ஜில்லாவில் ஒருவன்கூட இல்லை. அதுதான் பெரிது. எப்படி நடத்துவது என்று பேரன் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்கும் சொல்வது என் பழக்கம்.

மழைக்காலத்தில் லாரி சொன்ன நேரத்துக்கு வராது. உரித்த காய் குவிந்து கிடக்கும், ஆட்கள் சும்மா கிடப்பார்கள். அப்படி ஒரு மத்தியானம்தான் மணல் தரையில் தென்னம்பாளையை ஆறாகப் போட்டேன். கொட்டாங்கச்சிகள் மலை, உரிமட்டைகள் கோட்டை. கொட்டாங்கச்சி நாடு என்று பெயர் வைத்தேன். கிட்டங்கிக் காவல்காரர் உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கி ஆனார். எதிரே வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தவர் குதிரைவீரன் ஆனார். அவர்கள் ஒரு காரியம் செய்யப்போவதாகச் சொன்னால் சோழியை உருட்டவேண்டும். பாதிக்கு மேல் மலர்ந்தால் காரியம் நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது. சோழி விழுந்தது விழுந்ததுதான், நான் சொன்னது சொன்னதுதான். இவ்வளவுதான் விதி. கிட்டங்கி முதலாளியான ராவுத்தர் ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தார்.

"சூதாடா?"

"இல்லைங்க. கதை."

"அப்ப உருட்டுங்க. லாரி வார நேரத்துக்கு ஆளுக டீக்கடையில இல்லாமப் போனாச் சரி."

ஆரம்பத்தில் எனக்கும் கிறுக்குத்தனம் இருந்தது. ராஜா மகள் காணாமல் போகிறாள், குகைக்குள் இருக்கிறாள், இவர்கள் போய் மீட்கிறார்கள் என்று முழுக்கதையையும் மனதில் கட்டிக்கொண்டு வந்தேன். காவல்காரர் முதல் கட்டத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் கொகைக்கு வரல. எனக்கு முட்டி வலி."

"ஒங்களுக்குத்தான முட்டி வலி. கோடாங்கிக்கு என்ன?"

"அவனுக்கும் வலிதான். இம்புட்டு வயசுக்கு அவனுக்கு மட்டும் வலிக்காதா?"

ராஜா மகள் அந்தக் குகைக்குள்ளேயே இருந்துவிட்டாள். பாவம், இன்றைக்கும் அங்கேதான் இருக்கவேண்டும். அன்றைக்குப் புரிந்துகொண்டேன். ஊரைப் போடலாம், வழியைப் போடக் கூடாது. கிணறு எங்கே, சந்தை எங்கே, யாருக்கு யார் மேல் கோபம் என்பதையெல்லாம் வைத்துவிட்டு, "இப்ப என்ன செய்றீங்க?" என்று கேட்டு வாயை மூடிக்கொள்ளவேண்டும். வாயை மூடுவதுதான் கஷ்டம். எனக்கு அது இயல்பாக வராது, பழகிக்கொண்டேன்.

மாமா ஆட்டத்துக்குள் வந்தது எதிர்பாராதது. அவர் மாட்டுத் தரகர். சந்தை இல்லாத நாட்களில் எதிர்வீட்டு வாசலில் மாடுகளுக்கு லாடம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்குத் தூரத்துச் சொந்தம், மாமன் முறை. கன்னிவாடியிலிருந்து பிழைக்க வந்த எனக்கு ஒரு காணி நிலம் கிடையாது. இருந்தாலும் என் உழைப்பைப் பார்த்து மகளைக் கொடுக்க அரைமனதாகச் சம்மதித்திருந்தார். ஆட்டத்தைக் கேலி செய்யத்தான் தெருவைத் தாண்டி வந்தார். வந்த நேரத்தில் குளத்தங்கரையில் ஓர் அரக்கன் வழிமறித்துக்கொண்டிருந்தான். குதிரைவீரன் வாளை உருவலாமா என்று யோசித்தார். கோடாங்கி முட்டியைத் தடவினார். மாமா பின்னாலிருந்து கேட்டார்.

"பல்லு எத்தன போட்டிருக்கு?"

"யாருக்கு மாமா?"

"அரக்கனுக்குத்தான். வாயத் தொறக்கச் சொல்லு. வயசு தெரியாம எப்படி வெல பேசுறது?"

அன்று அவர் கொட்டாங்கச்சி நாட்டுப் படைக்குத் தளவாய் ஆனார். அரக்கனை வெட்டவில்லை. சந்தையில் தரகர்கள் விலை பேசுவது போல, தோளில் கிடந்த துண்டை என் கைமேல் போட்டு, உள்ளே கைவிட்டு என் விரல்களைப் பிடித்தார். அரக்கனாக இருந்தவன் நான் அல்லவா. வழிவிட வாரம் ஒரு கிடா வேண்டும் என்று அரக்கன் கேட்டிருந்தான். துண்டுக்குள் மாமா என் விரலை ஒவ்வொன்றாக மடக்கினார். வலியில் கண் கலங்கிவிட்டது. கடைசியில் மாதம் ஒரு கோழிக்கு அரக்கன் ஒத்துக்கொண்டான். வெட்டவேண்டியவனை வேலைக்காரனாக்கிக் கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு சந்தை இல்லாத நாட்களில் என்னைவிட முன்னால் வந்து கொட்டாங்கச்சிகளைப் பரப்பி வைத்திருப்பார். வருகிறவன் கையில் அவனுடைய தொழிலையே கொடுத்துவிட்டால் அவன் உங்களை விட்டுப் போகமாட்டான். இது எந்த விதிப்புத்தகத்தில் எழுதியிருக்கிறதோ எனக்குத் தெரியாது.

இவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தும் வழுக்கிய இடத்துக்கு வருகிறேன். கதையில் குளம் உடைந்தது. குதிரைவீரன் உடைப்பில் குறுக்கே படுத்து வெள்ளத்தைத் தடுப்பதாகச் சொன்னார் சைக்கிள் கடைக்காரர். உருட்டினார். ஆறு சோழியும் மலர்ந்தன. ஊர் பிழைத்தது. பிழைத்த ஊர் சும்மா இருக்குமா என்று அம்மனுக்கு ஒரு திருவிழா வைத்தேன். கொட்டு முழக்கு, பூசாரி, தேர் எல்லாம் சொல்லி, பூசாரி பரிவட்டத்தை எடுத்து ஊரைக் காத்த குதிரைவீரன் தலையில் கட்டினார் என்று முடித்தேன். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அப்போதுதான் மாமா எழுந்து துண்டை உதறினார்.

அவர் போனபிறகு காவல்காரர் என்னைக் கிணற்றைப் பார்ப்பதுபோல எட்டிப் பார்த்தார். "ஏலே, சைக்கிள் கடைக்காரன் அவருக்கு என்ன வேணும்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியாது."

"பங்காளி. வயசுல எளையவன். பங்காளி தலையில பரிவட்டத்தக் கட்டிப்பிட்டு, மாமன்கிட்ட பொண்ணு கேக்குறியே. ஒனக்கு மூள எங்க இருக்கு?"

எனக்கு உறைத்தது. நான் வீரத்தைப் பார்த்தேன்; பரிவட்டம் வீரத்துக்குக் கட்டுவதில்லை. அது மூப்புக்கு, முறைக்கு. சைக்கிள் கடைக்காரரே நடுங்கிப்போய், "எனக்கு வேணாம்யா, அவருக்கே கட்டிவிட்டுரு" என்றார். அதையும் போய்ச் சொல்லிப் பார்த்தேன். மாமா மாட்டின் கொம்பைச் சீவிக்கொண்டே பதில் சொன்னார். "அடுத்தவன் தலையில கட்டிக் கழட்டுன துணி எனக்கெதுக்கு? மாட்டுக்குக் கட்டவா?"

அடுத்த நாள் என் சாமர்த்தியத்தை எல்லாம் இறக்கினேன். அம்மனின் தேர் நகர மறுக்கிறது, பெரியவர் ஒருவர் மனம் நொந்து போனதால் அம்மன் கோபமாக இருக்கிறாள் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். ஆனைகள் இழுக்கின்றன, அரக்கன் இழுக்கிறான், தேர் அசையவில்லை. எதிர்வாசலிலிருந்து குரல் வந்தது.

"சக்கரத்துக்கு முட்டுக்கட்ட வச்சிருப்பாய்ங்க. எடுத்துவிட்டா ஓடும்."

தெருவே சிரித்தது. ராவுத்தர்கூட உள்ளேயிருந்து சிரித்தார். அந்த வாரமே ஒட்டன்சத்திரத்துப் பக்கமிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனதாகக் காவல்காரர் சொன்னார். மாப்பிள்ளைக்குத் தோப்பு இருக்கிறதாம். அந்தப் பெண்ணை நான் நேருக்கு நேர் பார்த்துப் பேசியதில்லை. எதிர்வாசல் மாட்டுத் தொட்டியில் தண்ணீர் ஊற்றும்போது எங்கள் ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டு குடத்தைச் சாய்க்காமலே நிற்பாள். அவ்வளவுதான். அது எனக்குப் போதுமாக இருந்தது. கடப்பாரையில் காயைக் குத்தினால் கை தவறியது.

இரண்டு நாள் யோசித்தேன். தளவாய் நொந்தார் என்று நான் சொன்னேன், தளவாய்க்காகத் தேர் நின்றது என்று நான் சொன்னேன். தளவாய் என்ன செய்கிறார் என்று அந்த மனிதரை நான் கேட்கவே இல்லையே. நேரே போய் அவர் முன்னால் நின்றேன். பெண்ணைப் பற்றிப் பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

"மாமா, திருவிழா நடந்துக்கிட்டு இருக்கு. தளவாய் இப்ப என்ன செய்றாரு?"

மாட்டின் கழுத்துக்கயிற்றைத் தளர்த்திவிட்டார். பிறகு மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஊரவிட்டு வெளியேறிட்டாரு."

"எங்க போனாரு?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம். தனிக் கோயில் கட்டப் போறாரு."

சொன்னவருக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. தெருவைத் தாண்டி வந்து, இருப்பதிலேயே பெரிய கொட்டாங்கச்சியை எடுத்துப் பாளைக்கு அந்தப் பக்கம் கவிழ்த்தார். எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் மனிதர்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் தளவாயும் செய்தார். எனக்குத்தான் அது தோன்றவில்லை. கோயில் எழும்பியது. தேர் இழுக்க அரக்கன் வந்தான், மாதம் ஒரு கோழிக்குக் கட்டுப்பட்டவன் ஆயிற்றே. கோடாங்கியை உடுக்கை அடிக்கக் கூப்பிட்டார். "ஆத்தத் தாண்டணுமே, முட்டி..." என்று காவல்காரர் இழுத்தார். "அரக்கன் தூக்கிட்டு வருவான்" என்றார் மாமா. ஜனமெல்லாம் அந்தக் கரைக்குப் போயிற்று. இந்தக் கரையில் குதிரைவீரன் மட்டும் பரிவட்டம் கட்டிய தலையோடு, இழுக்க ஆளில்லாத தேருக்குப் பக்கத்தில் நின்றார். சைக்கிள் கடைக்காரர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

புதுக் கோயிலில் பரிவட்டம் கட்டும் நேரம் வந்தது. இந்த முறை நான் வாயைத் திறக்கவே இல்லை. யாருக்குக் கட்டுவது என்று மாமாவே கேட்டுக்கொண்டார்.

"கோயிலக் கட்டுனவர் நீங்க. நீங்களே கட்டிக்க வேண்டியதுதான" என்றார் காவல்காரர்.

"தனக்குத்தானே கட்டிக்கிட்டா அது பரிவட்டமா? தலவலிக்குக் கட்டுன துணி."

"அப்ப அரக்கனுக்கு?"

"கூலிக்கு வந்தவனுக்கு எப்படிக் கட்டுறது?"

கோடாங்கி மேளக்காரர் கணக்கில் போய்விட்டார். பங்காளி எதிர்க்கரை. மாமா தலையைச் சொறிந்துகொண்டு நாட்டைச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ஏப்பா, இந்த நாட்டுல நீ யாரு?"

"நான் யாருமில்ல மாமா. கதை சொல்றவன்."

"யாருமில்லாதவனா? மழையும் நீதான், அரக்கனும் நீதான், பூசாரியும் நீதான். இம்புட்டு நாளா இங்கயே கெடக்க, ஒரு மொற இல்லாம எப்படி?" கொஞ்சம் யோசித்தார். "மருமகன்னு வச்சுக்கிருவோம். கோயில் கட்டுனவன் வீட்டு மருமகனுக்குக் கட்டுனா எந்தப் பங்காளியும் கேள்வி கேக்க முடியாது."

தோள் துண்டை எடுத்து என் தலையில் சுற்றினார். காவல்காரர் வாயாலேயே உடுக்கை அடித்தார். எதிர்வாசலில் குடம் ஒன்று கீழே வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. மாமா எனக்கு எதிரே, நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, ஒனக்கும் ஒரு ஆள் ஆயிருச்சு. சொல்லு, இப்ப என்ன செய்ற?"

இத்தனை நாள் மற்றவர்களை நான் கேட்ட கேள்வி என்னிடமே திரும்பி வந்தது. பேரனின் மேசையில் இந்தக் கேள்விக்கு அந்தப் பிள்ளைகள் பகடையை உருட்டியபடி பட்டுப் பட்டென்று பதில் சொல்கிறார்கள். அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அவர்களுக்கு எதிரே மாமனார் உட்கார்ந்திருக்கவில்லை.

"பொண்ணு கேக்குறேன் மாமா" என்றேன். வேறென்ன சொல்ல. பழக்க தோஷத்தில் கை சோழியை எடுத்துவிட்டது. "உருட்டவா?"

"எவனாச்சும் சோழிய உருட்டிப் பொண்ணக் குடுப்பானா, கிறுக்குப்பயலே" என்றார். "ஒட்டன்சத்திரத்தானுக்கு வேணாம்னு சொல்லிவிடுறேன். தையில ஆத்தாளக் கூட்டிட்டு வா."

எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு சைக்கிள் கடைக்காரர் மெதுவாகக் கேட்டார். "அண்ணே, அப்ப இந்தக் கரையில நிக்கிற என் தேரு?"

"நிக்கட்டும்" என்றார் மாமா. "கல்யாணத்துக்கு வாரவன் நடந்தே வரட்டும்."

தையில் கல்யாணத்துக்குச் சைக்கிள் கடைக்காரர் நடந்துதான் வந்தார். கடையிலிருந்த வாடகைச் சைக்கிள்கள் அத்தனையையும் என் சொந்தக்காரர்களை ஏற்றிவரக் கன்னிவாடிக்கு அனுப்பியிருந்தார்.