நடுங்கிய கையில் கட்டிய நூல்

வைத்தியரே, என் கூடப்பிறந்த ராத்தாவை இப்படி ஆக்கியது நோயுமல்ல, அவள் விழுங்கிய குளிசையுமல்ல. நீங்கள். அவளுடைய பிள்ளையின் மணிக்கட்டில் எங்கள் உம்மா கட்டிய கறுத்த நூல் இப்போதும் என்னிடம் இருக்கிறது. பால் குடிக்காமல் வீறிட்டழுத அந்தப் பச்சைப் பிள்ளையின் கை நடுங்கியபோது நூலும் சேர்ந்து நடுங்கியது.

மனச்சோர்வுக்கு உங்கள் கிளினிக்கில்தான் அவள் குளிசை எடுத்தாள். வயிற்றில் பிள்ளை தங்கியதும் உங்களிடமே வந்து கேட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். "நிப்பாட்டாதீங்க" என்றீர்கள். அது சரிதான் என்று பின்னர் ஆஸ்பத்திரியிலும் சொன்னார்கள். ஆனால் பிறக்கும் பிள்ளைக்குச் சில நாள் நடுக்கம் வரலாம், பிரசவத்தின்போது குளிசையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. அடுத்த நம்பரைக் கூப்பிட்டீர்கள்.

எங்கள் பக்கத்தில் அதற்குப் பைத்தியக் குளிசை என்றுதான் பெயர். பிரசவ விடுதியில் நர்ஸ் கேட்டபோது, ராத்தாவின் புருசனைப் பெற்ற மாமி பக்கத்தில் நின்றதால் உம்மா முந்திக்கொண்டு, "ஒண்டும் பாவிக்கல்ல மிஸ்" என்றார். மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டோம். பிள்ளை நடுங்கத் தொடங்கியதும் ஜின் பார்வை என்று ஓதி நூல் கட்டினோம். ராத்தா அப்போதும் சிரிக்கப் பார்த்தாள்: "றோட்டு சரியில்ல போல புள்ள. குலுங்கிக் குலுங்கி வந்திரிக்கான்."

நடுக்கம் நிற்கவில்லை. பிள்ளையை உங்களிடம் தூக்கி வந்தோம். மாமியின் முன்னாலேயே, "குளிசையால வந்தது. இண்டையோட எல்லாத்தையும் நிப்பாட்டுங்க" என்றீர்கள். வாசலைத் தாண்டுமுன் மாமி ராத்தாவிடம் சொன்னார்: "புள்ளய சுமந்த வயித்துல பைத்தியத்தையும் சுமந்திரிக்காய்."

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வைத்துப் பார்த்தார்கள்; பிள்ளை சில நாளில் தேறினான். குளிசையை விடவேண்டாம் என்று ராத்தாவிடம் அங்கே மன்றாடினார்கள். "என்ட புள்ளய நடுக்கின குளிசை எனக்கு வேணாம்" என்று ஒரேயடியாக விட்டுவிட்டாள். இப்போது சுவரைப் பார்த்தபடி இருக்கிறாள். மச்சான் தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டார். பேசத் தொடங்கிவிட்ட பிள்ளை என்னைத்தான் உம்மா என்று கூப்பிடுகிறான். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்தக் கிழமை பாடசாலை மண்டபத்தில் கர்ப்பிணித் தாய்மாருக்கு நீங்கள் பேசப்போவதாக ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ சொல்லிக்கொண்டு போகிறது. நானும் வருவேன், இந்த நூலோடு. முதலில் நிப்பாட்டாதே என்றீர்கள். பிறகு நிப்பாட்டு என்றீர்கள். இடையில் சொல்லவேண்டியதை ஏன் சொல்லவில்லை? என் காதில் வேண்டாம். அந்தத் தாய்மார் எல்லாருக்கும் கேட்க, மைக்கில் சொல்லுங்கள்.