அம்மாவுக்குத் தெரியாத எழுத்து

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் பரணைக் காலி செய்தபோது, என் பதினேழு வயது டைரி அகப்பட்டது. மருந்துக்கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தது. பிரித்துப் பார்த்ததும் ஒரே குஷி. அடடா, அந்த வயதில் என்ன மூளை எனக்கு! பக்கம் பக்கமாகத் தமிழ். ஆனால் எழுத்து மட்டும் கன்னடம்.

காரணம் அம்மா. வேர்க்கடலை மடித்த காகிதத்தைக்கூடப் படிக்காமல் தூக்கிப் போட மாட்டாள். தமிழில் எழுதினால் அன்றைக்கே விசாரணை நடக்கும். நான் படித்தது கன்னடப் பள்ளி. அம்மாவோ கல்யாணமாகி வட ஆற்காட்டிலிருந்து வந்தவள். கன்னட எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பிறகென்ன பயம்? டைரியைத் தலையணைமேலேயே போட்டுவிட்டுக் காலேஜுக்குப் போவேன்.

இந்தப் பெருமையில் ஒன்றை மறந்துவிட்டேன். ஏழாவது படிக்கும் என் மகளுக்குத் தமிழ் படிக்க வராது. கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. நான் கைகழுவிவிட்டு வருவதற்குள் கூடத்தில் உட்கார்ந்து டைரியை உரக்கப் படிக்கத் தொடங்கியிருந்தாள். எதிரே அம்மா, மடியில் முறத்தோடு அவரைக்கொட்டை பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு பஸ்ல அம்மா கண்டக்டர்கிட்ட போட்ட சண்டையில என் மானமே போச்சு..."

ஐயோ! அடுத்த வரி என்னவென்று எனக்குத் தெரியும். எழுபத்திரண்டு வயதில் அதை அம்மா பேத்தியின் வாயால் கேட்க வேண்டுமா? "குடுடீ அத!" என்று பாய்ந்தேன். அவள் சோபாவைச் சுற்றி ஓடிக்கொண்டே படித்தாள். "நான் சத்தியமா..." அங்கே மை கலைந்திருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

"சத்தியமா அம்மா மாதிரி ஆகவே மாட்டேன். அதானே? மேல படி," என்றாள் அம்மா, முறத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

துரத்துவதை நிறுத்தினேன். "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"உன் தம்பியோட பழைய ஒண்ணாங்கிளாஸ் புக்க வெச்சுக்கினு, மத்தியானத்துல ஒவ்வொரு எழுத்தா கத்துக்கினேன். மூணு மாசம் ஆச்சு. எவன்கூடவாவது ஓடிடப் போறியோன்னு பயம். பாத்தா, பூரா என்னத்தான் திட்டி வெச்சிருக்க!"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. இத்தனை வருஷமாக நான்தான் கெட்டிக்காரி என்றல்லவா நினைத்திருந்தேன்!

"கோவம் வரலியாம்மா?"

"வராம? ரெண்டு நாள் உன் டிபன் டப்பால உப்பே போடல. நீ கண்டுக்கவே இல்ல." அம்மாவும் சிரித்தாள். பிறகு விரலில் ஒட்டிய தோலை உதறிவிட்டுச் சொன்னாள்: "அப்புறம் கோவமெல்லாம் போச்சு. வீட்ல நீ எங்கிட்ட வாயத் தொறக்கவே மாட்ட. அதுலதான் பேசிக்கினு இருந்த. ஆடி மாசத்தோட எழுதறத நிறுத்திட்ட. நான் தீபாவளி வரைக்கும் தெனமும் எடுத்து எடுத்துப் பாத்தேன்."

மகளிடமிருந்து டைரியை வாங்கினேன். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து நானே படித்துக் காட்டத் தொடங்கினேன்.