இரண்டு அயர்லாந்தும் ஒரு ஹெட்செட்டும்

யாரோ விற்ற பொருளுக்காக யாரோ திட்டுவதை, சம்பந்தமே இல்லாத ஒருவர் சிரித்த குரலில் கேட்டுக்கொள்வதற்குத்தான் கால் சென்டர் வேலை என்று பெயர். அதில் வெந்து நொந்தவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு பூனாவில் எனக்கு வாய்த்தது அயர்லாந்து. வாஷிங் மெஷின் ரிப்பேர். அயர்லாந்து ஒன்றல்ல, இரண்டு. வடக்கு பிரிட்டனோடு சேர்ந்தது, தெற்கு தனி நாடு. வடக்கே கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுக்கும் ஆகாது, தெற்கே எல்லோரும் இனியவர்கள் என்று டிரெய்னிங்கில் சொன்னார்கள். பூனாவில் நாங்கள் குடியிருந்த லோஹேகாவில் இரண்டு சர்ச்சுக்காரர்களும் கிறிஸ்துமஸ் கேக்கை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொள்வோம். எனக்கு நம்பக் கஷ்டமாக இருந்தது.

பாதிப் பெயர்

வடக்கே ஓர் ஊர். கத்தோலிக்கர்கள் அதை டெர்ரி என்பார்கள், எதிர்த்தரப்பு லண்டன்டெர்ரி என்னும். வாடிக்கையாளர் முதலில் சொல்லட்டும், அதுவரை வாயைத் திறக்காதே என்பது எங்களுக்குப் பாலபாடம். ஒருநாள் அவசரத்தில் ஸ்கிரீனில் இருந்த லண்டன்டெர்ரியை அப்படியே படித்துவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு பெரியவர். சொன்னார்:

"முதல்ல அந்த லண்டனைக் கழட்டி வைம்மா. மெஷினை அப்புறம் பார்க்கலாம்."

மெக்கானிக் யார்?

பெல்ஃபாஸ்டில் ஓர் அம்மாள். நாளைக்கே ஷேமஸ் என்பவர் வருவார் என்றேன். அது கத்தோலிக்கப் பெயராம். வேறு ஆள் இல்லையா என்று பட்டென்று கேட்டார், மழுப்பலே கிடையாது. வில்லியம் இருக்கிறார், ஆனால் அவர் வர ஒரு வாரம் ஆகும் என்றேன்.

"பரவாயில்லை, அவர் வர்றவரைக்கும் கையாலேயே துவைச்சுக்கறேன்."

தெற்கின் பெருந்தன்மை

தெற்கிலிருந்து போன் வந்தால் மழை, முழங்கால் வலி, மகன் கல்யாணம் எல்லாம் முடிந்துதான் மெஷின். ஒரு ரிட்டயர்டு டீச்சர், "நாங்க வடக்குக்காரங்க மாதிரி இல்லை, யார் வந்தா என்ன?" என்று அவராகவே சொன்னார். எனக்கு இதமாக இருந்தது. மெக்கானிக் பெயர் எமேக்கா என்றேன். எந்த நாட்டுக்காரர் என்றார். நைஜீரியா என்றேன்.

"எனக்கு ஒண்ணுமில்லை கண்ணு, எங்க வீட்டு நாய்க்குத்தான் பிடிக்காது."

பாணேரும் நிக்டியும்

இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவள் பக்கத்து சீட் நஸ்ரீன். ஆம்பூர்க்காரி. அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி வேலைக்கு வந்தவள். சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தாள், அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் வீடு பார், இல்லாவிட்டால் ஊருக்கு வா என்று அப்பா சொல்லிவிட்டார். எங்கள் வீடு ஏர்ஃபோர்ஸ் குவார்ட்டர்ஸ். வெளியாள் தங்க விடமாட்டார்கள்.

ஆபீஸுக்குப் பக்கம் என்று பாணேரில் பார்த்தோம். பெயரைக் கேட்டதும், வாசலிலேயே, வீடு நேற்றே போய்விட்டது என்றார்கள். சரி, நிக்டி. அது பூனாவை ஒட்டிய பிம்ப்ரி-சிஞ்ச்வட், கார்ப்பரேஷனே வேறு. ஃபேக்டரியில் ரிட்டயரான வீட்டுக்காரர் உட்காரவைத்து டீயும் அவல் போஹாவும் கொடுத்தார். எல்லா ஜாதியும் ஒன்றாகச் சாப்பாட்டு டப்பா பிரித்துச் சாப்பிட்டவர்கள் நாங்கள், பூனாக்காரர்கள் மாதிரி இல்லை என்று பெருமைப்பட்டார். அப்புறம் பெயரைக் கேட்டார். தனக்கு ஆட்சேபம் இல்லையாம், ஹவுசிங் சொசைட்டிதான் ஒத்துக்கொள்ளாதாம். திரும்பும்போது ஆட்டோவில் நஸ்ரீன் சொன்னாள்:

"ஸ்டெல்லாக்கா, இவரு டீ குடுக்காமலே சொல்லியிருக்கலாம்."

நான்சி

நஸ்ரீன் ஆம்பூருக்கே போய்விட்டாள். அவளைப் போல ஒரு சிநேகிதி எனக்கு அப்புறம் அமையவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. போனில் அவளுக்குக் கம்பெனி வைத்த பெயர் நான்சி. அடுத்த வாரம் பெல்ஃபாஸ்டிலிருந்து ஒரு பெண்மணி, நான்சிதான் வேண்டும் என்றார். கணவர் இறந்த சமயத்தில் அவ்வளவு பொறுமையாகப் பேசினாளாம். வேலையை விட்டுவிட்டாள் என்றேன். ஏன் என்றார். சொந்த விஷயம் பேசக்கூடாது என்பது விதி. அன்றைக்கு மனசு கேட்கவில்லை. இங்கே அவளுக்கு வீடு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்டார்:

"வீடு கிடைக்கலைன்னா, அந்தப் பொண்ணோட நிஜப் பேரு நான்சி இல்லை, அப்படித்தானே?"

எந்தப் பக்கத்து ஜனங்களுக்குச் சகிப்புத்தன்மை அதிகம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: போனோடு நிற்கும்வரை எல்லோரும் தங்கமானவர்கள், வீட்டுக்குள் வருகிறேன் என்றால்தான் பெயரைக் கேட்பார்கள்.