பொண்ணுக்குன்னு வெச்சிருந்த கார்னர் மனை

தாம்பரத்தைச் சுற்றி மண் இருக்கும் இடத்திலெல்லாம் வேதாசலம் கால் வைத்திருக்கிறார். தண்ணீர் இருந்த இடங்களிலும் வைத்திருக்கிறார் என்று வேண்டாதவர்கள் சொல்வதுண்டு. தரகர் என்ற சொல் அவருக்குப் பிடிக்காது. விசிட்டிங் கார்டில் 'மனை ஆலோசகர்' என்றுதான் இருக்கும். பொய் சொல்லிப் பிழைத்தவர் அல்ல. தூரத்தைக் கொஞ்சம் சுருக்கிச் சொல்லிப் பிழைத்தவர். மறைமலை நகருக்குப் பின்னாலிருக்கும் பொட்டலானாலும் அவர் வாயில் அது 'ஸ்டேஷனுக்குப் பத்து நிமிஷம்'. எந்த ஸ்டேஷன், எதில் போனால் என்பதெல்லாம் வாங்குகிறவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் ஓவியாவை வண்டியின் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு சைட்டுக்குப் போவார். மனைவி காந்திமதிக்கு ஒருநாள் ஓய்வு என்பது வெளியில் சொன்ன காரணம். குழந்தையோடு வரும் ஆள் ஏமாற்ற மாட்டான் என்று பார்ட்டி நம்பும் என்பது சொல்லாத காரணம். பார்ட்டி தயங்கினால் கடைசி அஸ்திரம் ஒன்று உண்டு. குழந்தையின் தலையில் கையை வைத்து, "இது எம் பொண்ணுக்குன்னு வெச்சிருந்த கார்னர் மனை. உங்களுக்காக விட்டுத் தர்றேன்" என்பார். அதற்குமேல் எந்தப் பார்ட்டியும் தயங்கியதில்லை.

அந்த ஓவியா வளர்ந்து, படம் வரையப் படித்து, ஒரு கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். மூன்று வாரத்துக்கு முன் அவளிடமிருந்து செய்தி வந்தது. 'அப்பா, மேல்குன்றத்துல ஆர்ட்டிஸ்ட் ரெசிடென்சியில எனக்கு இடம் கிடைச்சிருச்சு. ஒரு மாசம் லீவு போட்டுட்டேன்.'

வேதாசலம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜி.எஸ்.டி. ரோட்டின் இரு பக்கமும் சாமி பெயர், பூப் பெயர், பேரன் பெயர் என்று எதன் பின்னாலும் ரெசிடென்சி என்று எழுதித்தான் அடுக்குமாடி கட்டுகிறார்கள். இடம் என்றால் மனை. ஒரு மாதம் லீவு என்றால் பத்திரப்பதிவும் கிரகப்பிரவேசமும். கலைஞர்கள் கொஞ்ச நாள் கூடித் தங்கி வேலை செய்வதற்கும் அதே பெயர்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: மகள் வேறு யாரோ ஒரு தரகரிடம் இடம் வாங்கிவிட்டாள். அப்பன் பேச்சை அவள் நம்பவில்லை. போன் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிடுமே என்றுதான் போடவில்லை.

மூன்று வாரம் பொறுத்தவர், இந்த ஞாயிறன்று நேரில் போவதென்று தீர்மானித்து ஜமீரைத் துணைக்கு அழைத்தார். முடிச்சூர் ரோட்டில் சிமெண்ட் கல் வார்க்கும் ஜமீர்தான் இவர் லேஅவுட்டுகளுக்கெல்லாம் மனைக்கல் போடுகிறவர். அவர் வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்கினார். "இன்னா மச்சான் அவசரம், அடுத்த வாரம் போலாமே" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினார்.

சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டி, பாக்டரிச் சுவர்களெல்லாம் முடிந்த பிறகு, மேல்குன்றத்தின் அடிவாரத்தில் ரோடு நின்றுவிட்டது. மேலே போகப் பாறையில் வெட்டிய படிகள் மட்டுமே. அணுகுசாலை இல்லை என்று வேதாசலம் மனதுக்குள் குறித்துக்கொண்டார். பாதியில் மூச்சு வாங்கியபோது இந்த மனையை விற்ற அயோக்கியனின் முகத்தைக் கற்பனை செய்து பார்த்தார். ஏனோ அது தன் முகம் போலவே இருந்தது.

உச்சியில் ஓட்டு வீடுகள் சில, ஒரு சுனை, வேப்பமரத்தடியில் பச்சையம்மன். ஊருக்கு அந்தப் பக்கம் அகலமான பாறை. பாறை முழுக்க மஞ்சள் பெயிண்ட் அடித்த மனைக்கற்கள்.

வேதாசலம் வேகமாக அந்தப் பக்கம் நடந்தார். கல்லே நட்டுவிட்டார்கள். அதுவும் கோணல்மாணலாக. கிட்டப் போனதும், கல்லின் மழுங்கிய தலையைப் பார்த்தே அது யாருடைய பட்டறையில் வார்த்தது என்று தெரிந்துவிட்டது. திரும்பினார். ஜமீர் சுனையில் மீன் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பாதான் சொல்லக்கூடாதுன்னுச்சு மச்சான்."

கற்களில் எண்கள் இல்லை. ஒரு கல்லில் சிவப்பு எழுத்தில் 'ஸ்டேஷனுக்குப் பத்து நிமிஷம்'. அடுத்ததில் 'தண்ணி இளநி மாதிரி இருக்கும் சார்'. அதற்கடுத்து 'இந்த ரேட்டு இன்னிக்கு மட்டும்தான்'. தன் பேச்சைத் தானே நின்று வாசித்தார். வேறு தரகரிடம் போயிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

அதற்குள் ஒரு பெண்மணி அவர் சட்டைக் கையைப் பிடித்துவிட்டாள். செல்லியம்மாள், அந்த ஊர்க்காரி. பிடித்த பிடியில் அவரை இழுத்துக்கொண்டு, ஒரு சிறு கும்பலுக்கு நடுவில் நின்றிருந்த ஓவியாவிடம் போனாள்.

"சொன்னேனா இல்லியா பாப்பா? கல்லு நட்டா புரோக்கர் மோப்பம் புடிச்சுகினு வந்துருவான்னு. பாரு, வந்துகீறான்."

ஓவியா அவரைப் பார்த்துவிட்டாள். நகரத்திலிருந்து கண்காட்சி பார்க்க வந்திருந்த ஜிப்பாக்காரர் ஒருவர், கற்களைக் காட்டிச் சிரித்து, எந்த ஃப்ராடு பேசிய பேச்சு இதெல்லாம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வேதாசலம் தரையைப் பார்த்தார். தன்னை யாரோ வேடிக்கை பார்க்க வந்தவர் என்று சொல்லிவிட்டால் அவளுக்கு மரியாதையாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

"எங்க அப்பா பேச்சு சார்" என்றாள் ஓவியா. "இவர்தான் எங்க அப்பா. நான் தூங்குறதுக்குக் கேட்ட கதையே இதுதான்."

பிறகு பாறையின் ஓரத்தில், தனியாக நின்ற கல்லருகே அவரை அழைத்துப் போனாள். 'எம் பொண்ணுக்குன்னு வெச்சிருந்த கார்னர் மனை.' அங்கிருந்து பார்த்தால் கீழே ஏரிகளும் பாக்டரிக் கூரைகளும், தூரத்தில் தாம்பரம் பக்கத்துப் புகைமூட்டமும் தெரிந்தன.

"ஒவ்வொரு சைட்லயும் இதச் சொல்லுவீங்களேப்பா. நான் நெஜம்னு நம்பிட்டேன். பெருங்களத்தூர்லேர்ந்து செங்கல்பட்டு வரைக்கும் எல்லா கார்னரும் என்னுதுன்னு ஸ்கூல்ல சொல்லிருக்கேன்."

வேதாசலம் கல்லைத் தடவிப் பார்த்தார். ஜமீர் கொஞ்சம் கோணலாக வார்த்திருந்தார். அதை நேராக்கச் சொல்ல வாயெடுத்தவர், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஜிப்பாக்காரர் பின்னாலேயே வந்து, இந்த ஒரு கல் மட்டும் விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். எந்தக் கேள்வி கேட்டால் வேதாசலத்தின் முதுகெலும்பு தானாக நிமிருமோ அந்தக் கேள்வி.

"இல்ல சார்" என்றார். "இது எம் பொண்ணோட இடம். விக்கிறதுக்கு இல்ல."

செல்லியம்மாள் அந்தச் சட்டைக் கையை இன்னும் விடவில்லை. "உம் பொண்ணோடதா? இது எங்க பாறை சாரு. ஒரு மாசத்துக்கு எரவல் குடுத்துகீறோம். முடிஞ்சதும் கல்லப் புடுங்கிகினு போவணும்."

இதற்குமேல் வில்லங்கச் சான்றிதழ் எதற்கு? வேதாசலம் ஒப்புக்கொண்டு தலையசைத்தார்.

இறங்கும்போது படிகளைப் பார்த்து மலைத்து நின்றார் ஜமீர். கீழே வண்டி இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார்.

"பத்து நிமிஷம்" என்றார் வேதாசலம்.