நாளைக்கு அண்ணன்

"கண்களை மூடி ஜெபிப்போம்" என்று சொல்லி எல்லாரும் தலை குனிந்ததும், அவர் தன் இடது கண்ணை மட்டும் மெல்லத் திறப்பார். வலது கண் பக்தியோடு மூடியே இருக்கும். திறந்த கண் வரிசை வரிசையாக மேயும். எவன் போனைத் தடவுகிறான், எவள் பக்கத்தில் இருப்பவளைக் கிள்ளிச் சிரிக்கிறாள் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். மாட்டிக்கொண்டவரை நோக்கி ஆள்காட்டி விரல் ஒன்று உயர்ந்து, மெல்லக் கீழே இறங்கும். கண்ணை மூடு என்று அர்த்தம். வாயோ, இதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல, "கிருபையுள்ள ஆண்டவரே" என்று தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். லேசுப்பட்ட ஆள் இல்லை.

ஆலயத்துக்குப் பின்னால் உள்ள நீள அறையில் சனிக்கிழமை சாயங்காலம்தோறும் நடக்கிறது இந்த 'நாளைய தலைவர்கள்' பயிற்சி வகுப்பு. நடத்துபவர் சபையின் இளைஞர் சங்கத் தலைவர். இளைஞருக்கு வயது ஐம்பத்தெட்டு. மீசைக்குத் தவறாமல் மை பூசுவார்; பேரன் பிறந்த வாரம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பூசினார்.

"நீங்கதான் நாளைக்கு எல்லாம். நாளைக்கு இந்தச் சபையே உங்க கையிலதான்" என்பது அவர் வகுப்பின் முதல் வரி. கடைசி வரியும் அதுதான். இதைக் கேட்டுப் பூரித்துப்போன பலர் கல்யாணம் செய்து, தொப்பை போட்டு, இப்போது தங்கள் பிள்ளைகளை அதே வகுப்பில் கொண்டுவந்து விடுகிறார்கள். அந்த நாளைக்குத்தான் இன்னும் பொழுது விடிந்த பாடில்லை. முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் 'நாளைக்கு அண்ணன்'.

மற்ற நாட்களில் அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். "இந்தக் கண்ணை மூடிக்கோங்க. கடைசி வரி தெரியுதா?" என்று கேட்டுப் பிழைப்பவர். கல்லாவில் உட்காருவது அவர் மனைவி. வாடிக்கையாளரிடம் அவர் நாலு வார்த்தை சேர்த்துப் பேசினால் போதும், அங்கிருந்து குரல் வரும்: "முதல்ல லென்ஸைத் துடைங்க. பிரசங்கத்தை சனிக்கிழமை வச்சுக்கலாம்." வீட்டிலும் இதே கதை. அவர் பேசி முடிக்கும்வரை நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு கேட்கிற இடம் உலகத்தில் அந்த நீள அறை ஒன்றுதான். அது போய்விட்டால் தான் யார் என்று நினைத்துப் பார்க்கவே அவருக்குப் பயம். பாவம்தான். ஆனால் ரொம்பவும் பாவப்பட வேண்டாம்.

தலைமைக்கு அவர் கற்றுக்கொடுப்பது என்ன? "தலைவன்னா முதல்ல தாழ்மை வேணும்" என்பார். ஆகவே பிள்ளைகள் நாற்காலி அடுக்குவார்கள், தரை பெருக்குவார்கள், பெரியவர்களுக்குத் தேநீர் கொடுப்பார்கள். அவர்கள் தாழ்மையில் எந்த அளவு வளர்ந்திருக்கிறார்கள் என்று முன்வரிசை நாற்காலியில் சாய்ந்து, தேநீரைக் குடித்துக்கொண்டே கவனிப்பார். அடுத்த பாடம், ஜெபம் நடத்துவது. "நடுவுல மூச்சு விடக் கூடாது. விட்டா, முடிஞ்சிருச்சுன்னு ஆமென் சொல்லிடுவாங்க" என்பது அவர் வாயாலேயே சொன்ன தொழில் ரகசியம்.

அவருடைய அகராதியே தனி. "ஜெபிச்சுப் பார்க்கலாம்" என்றால் நடக்காது. "எனக்கு ஒரு பாரம் இருக்கு" என்றால் ஏற்கெனவே முடிவு செய்தாகிவிட்டது. ஒருமுறை கிட்டார் வாசிக்கும் பையன், "அண்ணே, பாட்டை இனிமே நாங்களே தேர்ந்தெடுக்கலாமா?" என்று கேட்டுவிட்டான்.

"நல்ல கேள்வி தம்பி. கண்களை மூடி ஜெபிப்போம். ஆண்டவரே, பாட்டுக்காக ஏங்குகிற இந்தத் தம்பியின் உள்ளத்தில் முதலாவது பணிவைத் தாரும். பெரியவர்களுக்குக் கீழ்ப்படிகிற இருதயத்தைத் தாரும்."

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். கேள்வி கேட்டவனும் சொன்னான். ஜெபத்தை மறுத்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்?

வகுப்பில் படு சூட்டிகையான ஒருத்தி உண்டு. பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை பார்க்கிறவள். நாளெல்லாம், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடப்பவர்களிடம் பேசிப் பழகியவள். பள்ளிக்கூடப் பையோடு வந்த காலத்திலிருந்து ஒரு சனிக்கிழமையும் தவறவிட்டதில்லை. "இவளை மாதிரி இருக்கணும்" என்று அண்ணனே மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டுவார்.

வம்பு பாஸ்டர் ரூபத்தில் வந்தது. புதிதாக மாற்றலாகி வந்தவர். "இனிமே இளைஞர் சங்கத் தலைவர் இளைஞரா இருக்கணும்" என்று ஆராதனை முடிவில் அறிவித்தார். சபையே சிரித்தது. அண்ணன் மட்டும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

அந்தச் சனிக்கிழமை பாஸ்டரும் அறைக்கு வந்து உட்கார்ந்தார். "யாரு நிக்கிறீங்க?" என்று அவர் கேட்டதும், பல் மருத்துவமனைப் பெண் எழுந்தாள்.

"நான் நிக்கிறேன் பாஸ்டர்."

அண்ணன் அன்பொழுகச் சிரித்தார். "நல்ல ஆசைதாம்மா. ஆனா எனக்கு ஒரு பாரம் இருக்கு. பிள்ளைங்க இன்னும் தயாராகல. இன்னும் ஒரு வருஷம் போகட்டும்."

"நாங்க தயாராயிட்டோமான்னு எப்படிண்ணே தெரியும்?"

"நல்ல கேள்வி" என்று தொண்டையைச் செருமினார். செருமியதுதான் பிசகு. அந்த இடைவெளியில் அவள் முந்திக்கொண்டாள்.

"கண்களை மூடி ஜெபிப்போம்."

அத்தனை தலையும் குனிந்தது. பழக்கதோஷம், அவர் தலையும் குனிந்தது.

"ஆண்டவரே, எங்கள் அண்ணனை இத்தனை வருஷம் தாங்கி நடத்தினீரே ஸ்தோத்திரம், அவர் சுமந்த பாரத்தை இன்றைக்கு அவர் தோளிலிருந்து இறக்கி என் தோளில் வைக்கிறீரே ஸ்தோத்திரம், பதவியை விட்டுக்கொடுக்கிற அவருடைய பெரிய தாழ்மைக்காக ஸ்தோத்திரம்…"

அவர் காத்திருந்தார். எங்காவது மூச்சு விடுவாள், பட்டென்று ஒரு ஆமென் போட்டு நிறுத்திவிட்டு, தன் ஜெபத்தைத் தொடங்கிவிடலாம் என்று பார்த்தார். பாவி மகள் விடவே இல்லை. அவர் சொல்லிக்கொடுத்தது அவர் தலையிலேயே வந்து விழுந்தது. கடைசியில் "பிதாவே" என்று அவள் முடித்தபோது அறை முழுக்க ஆமென் கேட்டது. எல்லாவற்றையும் விட ஓங்கிக் கேட்ட ஆமென், எப்போதும்போல, அவருடையது. வாய்ப் பழக்கம் காலை வாரிவிட்டது.

"அண்ணனே ஆமென் சொல்லிட்டாரு, அப்புறம் என்ன" என்றார் பாஸ்டர். கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை.

அடுத்த வாரம் அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். 'ஆலோசகர்' என்று ஏதோ ஒரு பெயர் கொடுத்திருந்தார்கள். ஆலோசனைதான் யாரும் கேட்கவில்லை. தேநீர் அவருக்குக் கடைசியாக வந்தது, ஆறிப்போய். முன்னால் புதுத் தலைவி நின்றாள். கிட்டார் பையன் முகமெல்லாம் பல்லாக எழுந்தான்.

"அக்கா, இனிமே பாட்டை நாங்களே தேர்ந்தெடுக்கலாம் இல்ல?"

"நல்ல கேள்வி தம்பி" என்றாள் அவள். "கண்களை மூடி ஜெபிப்போம்."

எல்லாரும் குனிந்தார்கள். அண்ணன் வழக்கம்போல இடது கண்ணை மெல்லத் திறந்தார். அறையின் அந்தக் கோடியில் இன்னொரு இடது கண் ஏற்கெனவே திறந்திருந்தது. அது அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தது. "கிருபையுள்ள ஆண்டவரே" என்று தடங்கலில்லாமல் போய்க்கொண்டிருந்த குரலுக்கு நடுவே, அவளுடைய ஆள்காட்டி விரல் உயர்ந்து, மெல்லக் கீழே இறங்கியது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.