கண்ணோர விளக்கு

பட்டறையில் அவளுக்கு 'டவுட்டு' என்று பெயர். எதையும் மூன்று தடவை சோதிக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். கடற்படையின் முக்குளிப்பு வீரர்கள் மாட்டிக்கொள்ளும் மூச்சுக் கருவிகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. விட்ட மூச்சையே சுத்தப்படுத்தி, ஆக்சிஜன் கலந்து திரும்பக் கொடுக்கிற கருவி அது. குமிழி மேலே வராது, எதிரிக்கு ஆள் இருப்பதே தெரியாது. ஆபத்தும் சத்தம் போடாமல்தான் வரும். ஆக்சிஜன் குறைந்தால் மூச்சு முட்டாது. ஆள் அப்படியே நினைவு தப்பிவிடுவான்.

அதனால்தான் முகமூடிக்குள், வலது கண்ணோரத்தில், கடுகளவு விளக்கு ஒன்றைப் புதிதாகப் பொருத்தினார்கள். பச்சை எரிந்தால் எல்லாம் சரி. சிவப்பு எரிந்தால் மாற்று வாயுவுக்குத் திருப்பிக்கொண்டு உடனே மேலே வரவேண்டும். முன்பெல்லாம் மணிக்கட்டில் ஆக்சிஜன் அளவை எண்ணாகக் காட்டும் பெட்டிதான். கலங்கல் தண்ணீரில் அதை மூக்குக்கு நேரே பிடித்தாலும் தெரியாது.

அவளுடைய அண்ணன் பதினாலு வருஷமாக முக்குளிப்பவன். அவளை இந்த வேலைக்கு மனுப்போட வைத்தவனே அவன்தான். அன்று காலை சோதனைத் தொட்டியில் அவன்தான் இறங்கினான். இவள் கண்ணாடிக்கு வெளியே, காதில் கம்பித் தொலைபேசியோடு நின்று, விளக்கைச் சிவப்பாக்கும் பொத்தானை அழுத்தினாள்.

"அண்ணே, என்ன எரியுது?"

"பச்சை."

ஒயர் மாறிவிட்டதோ என்று அவனை மேலே வரச்சொல்லி, முகமூடியை வாங்கித் தன் முகத்தில் வைத்துப் பார்த்தாள். சிவப்பு. கண்ணில் குத்துகிற மாதிரி சிவப்பு.

"எனக்குச் சிவப்பாத்தானே தெரியுது?"

"சரி, அப்ப சிவப்பு."

பேரம் படிந்த மாதிரி சொன்னான். மேசையிலிருந்து சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்றாக இரண்டு ஒயர்த் துண்டுகளை எடுத்து நீட்டினாள். "இதுல எது சிவப்பு?"

அண்ணன் முகத்துத் தண்ணீரைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. எப்பவுமே அப்படித்தான்."

"டாக்டர் எப்படி விட்டாரு?"

"நிறம் தெரியுதான்னு பாக்குற அந்தப் புள்ளிப் படப் புத்தகத்துல இருக்கிற நம்பரை எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டேன். எண் காட்டுற பெட்டி இருந்த வரைக்கும் ஒரு தொல்லையும் இல்ல."

புது முகமூடியோடு அவன் கடலில் ஆறு முறை இறங்கியிருக்கிறான். கருவியின் பதிவை மாசக் கடைசியில்தான் கணினியில் இறக்குவது வழக்கம். அவள் அப்போதே இறக்கிப் பார்த்தாள். போன செவ்வாய்க்கிழமை, கப்பலடியில், ஆக்சிஜன் வால்வு சிக்கி நாலு நிமிஷம் சிவப்பு எரிந்திருந்தது. பிறகு எதனாலோ வால்வு விடுபட்டு மறுபடி பச்சை. அன்று சாயங்காலம் அவன் இவள் வீட்டுக்கு வந்து கேரம் ஆடி ஜெயித்துவிட்டுப் போனான். அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"எழுதிடாதம்மா. தண்ணிய விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?"

"நாலு நிமிஷம்ணே."

"நீயெல்லாம் ஒரு தங்கச்சியா?" என்று கேட்டுவிட்டு ஈரக்காலோடு வெளியே போனான்.

ஒரு வரி விடாமல் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தாள். அவனைக் கண்டித்துக் கரையிலேயே வேலை போட்டார்கள். மற்ற வீரர்களின் கண்ணையும் புதிதாகச் சோதித்தபோது இன்னொருவன் அகப்பட்டான். விளக்கை மாற்றினார்கள்: பச்சை வலப்பக்கம் நின்று எரியும், சிவப்பு இடப்பக்கம் துடிக்கும். நிறம் தெரியாவிட்டாலும் பக்கம் தெரியுமே.

மூன்று மாதம் அண்ணன் பேசவில்லை. "சோறு இறங்குது, தூக்கந்தான் இல்ல அவருக்கு" என்று அண்ணிதான் அவ்வப்போது சொல்வாள். ஒரு மத்தியானம் பட்டறைக்கே போன் செய்தான்.

"அந்த நாலு நிமிஷம் நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு யோசிச்சுப் பாத்தேன்மா."

"என்னண்ணே?"

"பாட்டு முணுமுணுத்துட்டிருந்தேன்."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.